உகாண்டா கொரில்லா பெர்மிட்: 800 டாலருக்கு என்ன கிடைக்கும்?

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் பிவிண்டி என்றொரு மழைக்காடு இருக்கிறது. மலைக் கொரில்லாவை அதன் சொந்தக் காட்டிலேயே பார்க்க வேண்டுமானால் உலகில் மூன்றே நாடுகள்தாம்: உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. 2019-இல் வெளியான கணக்குப்படி மொத்தமே 1,063 கொரில்லாக்கள். அதனால்தான் டிக்கெட் எடுத்து உள்ளே நுழைகிற கதை இங்கே இல்லை. பெர்மிட் வேண்டும்.

உகாண்டாவில் இதைக் கொடுப்பது அந்நாட்டு வனவிலங்கு ஆணையம். 2024 ஜூலை முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு 800 டாலர். வேலை பெர்மிட்டோடு உகாண்டாவில் வசிக்கும் நம்மவர்களுக்கு 700. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் குடிமக்களுக்கு 3 லட்சம் உகாண்டா ஷில்லிங். பக்கத்து ருவாண்டாவில் 2017-லிருந்து வெளிநாட்டவருக்கு 1,500 டாலர் என்பதால், உகாண்டாவுக்கே கூட்டம் அதிகம் சாய்கிறது.

இந்தப் பணத்துக்குக் கிடைப்பது பூங்கா நுழைவு, வழிகாட்டி, தடம் பார்ப்பவர்கள், துப்பாக்கியோடு வரும் காவலர் (யானை எதிர்ப்பட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டத்தான்), அப்புறம் கொரில்லாக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். தங்குமிடம், வண்டி, விசா எல்லாம் தனி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் மறந்துவிடக் கூடாது.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பெர்மிட்டில் தேதி மட்டுமல்ல, காட்டின் எந்தப் பகுதி என்பதும் இருக்கும். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என நான்கு பகுதிகள். வரைபடத்தில் எல்லாம் அருகருகேதான் தெரியும். மலைப்பாதையில் போனால் மணிக்கணக்காகும். புஹோமாவில் அறை எடுத்துவிட்டு ருஷாகா பெர்மிட்டைக் கையில் வைத்திருந்தால், காலை எட்டு மணி விளக்கக் கூட்டத்துக்கு விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டியதுதான். முதலில் பெர்மிட், பிறகு அறை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் டிசம்பரிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பல மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பெர்மிட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

விதிகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வந்தவை: நம்முடைய சளி கொரில்லாவுக்கும் தொற்றும். நமக்கு மூன்று நாள் மூக்கொழுகல், அதற்கு உயிரே போகலாம். அதனால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான். முகக்கவசம் கட்டாயம். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இருமல், காய்ச்சல் இருந்தால் 800 டாலர் கட்டியவரானாலும் காட்டுக்குள் விடமாட்டார்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது. உள்ளே எச்சில் துப்பக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. முதுகில் வெள்ளை படர்ந்த பெரிய ஆண் பாய்வதுபோல் வந்தால் ஓடாமல், தலையைக் குனிந்து, குந்தியிருக்க வேண்டும். சொல்வது சுலபம்!

கொரில்லா ஓரிடத்தில் உட்கார்ந்திருக்காது. சில நாள் ஒரு மணி நேர நடையில் கிடைக்கும், சில நாள் ஆறு மணி நேரமும் ஆகும். முட்டிவலி இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்கப் பார்ப்பார்கள். நடக்கவே முடியாதவர்களுக்குச் சபரிமலை டோலி மாதிரி ஒன்று உண்டு. அங்கே அதற்கு விளையாட்டாக வைத்திருக்கும் பெயர் 'ஹெலிகாப்டர்'. பை சுமக்க உள்ளூர்க்காரர் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கொடுப்பது நேரே அந்த ஊர் வீட்டுக்குப் போகிறது.

பெர்மிட் பணத்தில் ஊருக்கு என்ன போகிறது? 20 சதவீதம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். சட்டம் சொல்லும் அந்த 20 சதவீதம் பூங்கா நுழைவுக் கட்டணத்தில்தான், முழு 800 டாலரில் அல்ல. அதோடு ஒவ்வொரு பெர்மிட்டிலிருந்தும் கொரில்லா வரி என்று ஒரு சிறு தொகை ஊர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. 1991-இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது இந்தக் காட்டிலேயே வாழ்ந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு இன்றும் சொந்தமாக நிலம் இல்லை.