மெலடோனின்: இருளியக்குநீர்

'தூக்க ஹார்மோன்' என்றே மெலடோனினைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அது பொருந்தாத பெயர். எலி இரவெல்லாம் விழித்திருந்து இரை தேடும். அதன் உடலிலும் மெலடோனின் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. 'தூங்கு' என்பதல்ல, 'இருட்டிவிட்டது' என்பதே அது உடலுக்குச் சொல்லும் செய்தி. மனிதருக்கு இருட்டினால் தூக்கம், எலிக்கு இருட்டினால் வேலை.

சொல் பிறந்த கதையிலும் தூக்கம் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், தோல் நிறம் மாறுவதை ஆராயும்போது மாட்டின் மூளையிலுள்ள பினியல் என்ற சிறு சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார், 1958இல் அறிவித்தார். தவளைத் தோலில் இது பட்டதும் நிறமிச் செல்களில் பரவியிருந்த கருமை நடுவே ஒடுங்கி, தோல் வெளிறியது. 'மெலாஸ்' என்றால் கிரேக்கத்தில் கருப்பு. உடலில் இது செரடோனின் என்ற வேதிப்பொருளிலிருந்து உருவாவதால் அதன் வாலான 'டோனின்' என்பதையும் ஒட்டிப் பெயர் வைத்தார். ஆக, பெயரில் இருப்பது தோலின் கருமை. இரவின் கருமை அல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே வேரில் வந்த சொல்தான், ஆனால் அது வேறு வேதிப்பொருள்.

கண்ணில் ஒளி பட்டுக்கொண்டிருக்கும்போது மூளையிலுள்ள உடற்கடிகாரம் பினியலை அடக்கி வைக்கும். மாலை மங்கியதும் சுரப்பு தொடங்கும். நள்ளிரவு தாண்டி உச்சம் தொடும். கைபேசித் திரையின் நீல ஒளி இதைத் தள்ளிப்போடுகிறது.

சிங்கப்பூரிலிருந்து காரைக்குடி வருபவர்களைப் பாருங்கள். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே பத்தரை. பலகாரத்துக்கு உட்கார்ந்த பேரனுக்கு இட்லியைப் பிட்ட கையோடு கண் சொக்கும். "என்னப்பா, விளக்கு வச்சதுமே தூக்கமா?" என்பார் அப்பத்தா. விடிகாலை நாலரைக்கு எழுந்து வளவில் உலாத்துவான். அவன் உடல் இன்னும் அந்த ஊர்க் கணக்கில் ஓடுகிறது. கடிகாரத்தைப் பின்தள்ள மாலை வெளிச்சம் வேண்டும். பொழுது சாயும்வரை திண்ணையில் இருக்கட்டும். அந்த வேளையில் மெலடோனின் மாத்திரை போட்டால் கடிகாரம் இன்னும் முன்னே ஓடும். வேளை தவறினால் பலன் தலைகீழ். மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' வழக்கில் இருக்கிறது. செய்யும் வேலையைக் கருதி 'இருளியக்குநீர்' என்பதே என் பரிந்துரை. 'தூக்கச் சுரப்பி' என்று எழுதுவது பிழை: சுரப்பி என்பது சுரக்கும் உறுப்பு, சுரக்கும் நீர் அல்ல. மாத்திரை அட்டையில் மட்டும் 'மெலடோனின்' அப்படியே இருக்கட்டும். மருந்து வாங்கும்போது பெயர் மாறிவிடக் கூடாது.