தொலைப்பட வில்லை: 'டெலிஃபோட்டோ'வின் பொருளும் தமிழும்

பறவைகளைப் படமெடுப்போர் 'டெலி' என்று சுருக்கி அழைக்கும் டெலிஃபோட்டோ லென்ஸின் பெயரில், தொலைவைக் குறிக்கும் 'டீலே', ஒளியைக் குறிக்கும் 'ஃபோஸ்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் இணைந்துள்ளன. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் எந்த லென்ஸையும் இன்று இப்பெயரால் அழைக்கிறோம். ஒளியியலில் இதன் பொருள் குறுகியது: தன் குவியத் தொலைவைவிட (எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) நீளம் குறைந்த லென்ஸே டெலிஃபோட்டோ. முன்புறம் ஒளியைக் குவிக்கும் தொகுதியையும் பின்புறம் அதைச் சற்றே விரிக்கும் தொகுதியையும் வைத்தால் இந்தக் குறுக்கம் கிடைக்கிறது. 1891-ஐ ஒட்டி லண்டனில் தாமஸ் டால்மேயரும் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் தனித்தனியே இவ்வமைப்பை அடைந்தனர்.

எடை குறைந்த சூப்பர் டெலிஃபோட்டோ (மிக நீண்ட குவியத் தொலைவு கொண்ட) லென்ஸ்கள் இனி எப்படி வரும் என்று காப்புரிமை விண்ணப்பங்களிலிருந்து ஊகிப்பவர்கள் இந்தக் குறுகிய பொருளைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பின் வெளியிடப்படுகின்றன. அவற்றின் அட்டவணைகளில் குவியத் தொலைவும், எஃப் எண்ணும் (உள்ளே வரும் ஒளியின் அளவைக் குறிப்பது), முதல் கண்ணாடியிலிருந்து படம் விழும் தளம் வரையிலான மொத்த நீளமும் இருக்கும். நீளத்தைக் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது டெலிஃபோட்டோ விகிதம். நிக்கான் 2015-இல் வெளியிட்ட 300 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு, கேமராவுக்குள் உள்ள இடைவெளியையும் சேர்த்தால், இது ஏறத்தாழ 0.65, எடை 755 கிராம், முந்தைய மாதிரியில் ஏறக்குறைய பாதி.

விகிதத்தை இவ்வளவு குறைத்தால் இரு தொகுதிகளும் ஒளியை வளைக்கும் திறன் கூடி, நிறப்பிறழ்ச்சி (நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவியும் பிழை) பெருகும். அதை அடக்குவது ஒளியின் விளிம்பு விளைவைப் (நுண்ணிய விளிம்புகளில் ஒளி வளைவது) பயன்படுத்தும் நுண்பள்ளக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி நீலத்தை அதிகம் வளைக்க, இது சிவப்பை அதிகம் வளைத்துப் பிழையைச் சரிக்கட்டுகிறது. கேனன் 2001-இல் 400 மி.மீ. எஃப்/4 லென்ஸில் இதைக் கொண்டுவந்தது. மற்றொரு வழி, முன்னே இருந்த கனமான கண்ணாடிகளை, ஒளிக்கற்றை ஒடுங்கும் பின்பகுதிக்கு நகர்த்துவது; 2018-இல் கேனனின் 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 3,850 கிராமிலிருந்து 2,840 கிராமுக்கு இறங்கியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஆகவே ஒரு விண்ணப்பத்தில் விகிதம் சிறியதா, கனம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அதில் 600 மி.மீ. எடுத்துக்காட்டு இருப்பதாலேயே அந்த லென்ஸ் விற்பனைக்கு வரும் என்று கொள்ளக் கூடாது; நிறுவனங்கள் உரிமையின் எல்லையை அகலப்படுத்தவும் பல எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

தமிழில் லென்ஸுக்கு 'வில்லை' என்ற சொல் உண்டு; ஆனால் 'தொலைநோக்கு வில்லை' என்பது தொலைநோக்கியோடு குழப்பும். 'தொலைவில்லை' என்று சேர்த்தெழுதினால் 'தொலைவு இல்லை' என்றே கண் படிக்கும். நான் பரிந்துரைப்பது இரண்டு சொற்கள்: குவியத் தொலைவு மிகுந்த எதற்கும் 'நெடுங்குவிய வில்லை', அவற்றுள் நீளம் குறுக்கப்பட்டதற்கு மட்டும் 'தொலைப்பட வில்லை'. 'சூப்பர்' என்பதற்கு, மீயொலியில் உள்ள 'மீ' போதும்: மீத்தொலைப்பட வில்லை. 'பட' என்பதையும் 'வில்லை' என்பதையும் இடைவெளி விட்டே எழுத வேண்டும். சேர்த்தால் 'படவில்லை' என்ற எதிர்மறை வினையாகிவிடும். இடைவெளியை நம்ப முடியாத இடத்தில், நம் பாடநூல்களுக்குப் பழகிய 'லென்சு' என்பதையே வைத்துத் 'தொலைப்பட லென்சு' என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.