மன்ற நேரத்தை வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள்: கடற்கரைப் பள்ளிகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே அறிவிப்புப் பலகையில் மன்றங்களின் பெயர்கள் ஏறிவிடும். அறிவியல் மன்றம், இலக்கிய மன்றம், பசுமைப் படை, பாடகர் குழு, சாரணர், சதுரங்கம். நவம்பரில் ஏழாம் வகுப்புக்குள் போய் "நீ எந்த மன்றம்?" என்று கேட்டால் பல பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். இராமநாதபுரம் கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஆலய வட்டங்களில்) நடக்கும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஆர்வம் குறைவில்லை. மன்றத்துக்கு ஒதுக்கும் நேரம்தான் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது.

முதல் தவறு, மாலை நாலரை மணிக்குப் பிறகு வைப்பது. அந்த நேரத்தில் யார் தங்குவார்கள் என்று பாருங்கள். வீட்டிலிருந்து வண்டி வரும் பிள்ளையும், பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளையும் தங்குவார்கள். அம்மா பாசி எடுக்கவோ மீன் காயப்போடவோ போயிருந்தால், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டுக்கு ஓட வேண்டும். தண்ணீர் வண்டி வரும் நேரமும் அதுவாகவே இருக்கும். கடைசிப் பேருந்தை விட்டால் நடைதான் என்ற பிள்ளையும் தங்காது. வீட்டில் பாட்டு, சதுரங்கம், கதைப்புத்தகம் எதுவும் கிடைக்காத பிள்ளைகள்தான் இப்படி வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு எட்டாத மன்றத்தை நடத்தி என்ன பயன்? ஆகவே பள்ளி நேரத்துக்குள், வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தவறு வெள்ளிக்கிழமை. பல பள்ளிகளில் வாரக் கடைசிப் பாடவேளைதான் மன்றத்துக்கு வருகிறது. கத்தோலிக்கப் பள்ளியில் அது நிற்காது. முதல் வெள்ளித் திருப்பலி மாதத்தில் ஒரு மன்ற நேரத்தை எடுத்துக்கொள்ளும். தவக்காலம் முழுக்க வெள்ளிதோறும் சிலுவைப்பாதை வழிபாடு. தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் மதியம் தாமதமாக வருவார்கள். புதன் அல்லது வியாழன், மதிய உணவுக்குப் பின் இரண்டாவது பாடவேளை பொருத்தமாக இருக்கும்.

ஆண்டு நாட்காட்டியையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, மன்றம் நடக்காத வாரங்களை அடித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி நடைபயணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். பின்னாலேயே காலாண்டுத் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் விடுமுறைகள் வரும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் விழா ஒத்திகையும். பிப்ரவரி 4 ஓரியூரில் அருளானந்தர் திருவிழா, அடுத்து கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. இவற்றையெல்லாம் கழித்தால் உண்மையில் 20 வாரம் கிடைத்தாலே நல்லது. 35 வாரத்துக்குத் திட்டம் எழுதினால் பாதியில் நின்றுவிடும். 20 வாரத்துக்கு எழுதினால் முடியும்.

யாரை எதில் சேர்ப்பது

வகுப்புக்கு 25 பேரும் எட்டு ஆசிரியர்களும் உள்ள நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 4 முதல் 8 வரை 125 பிள்ளைகள். ஆறு மன்றம் என்றால் மன்றத்துக்கு ஏறத்தாழ 21 பேர், ஆறு ஆசிரியர்கள். மிச்சம் இருவர் 1 முதல் 3 வரை உள்ள குழந்தைகளைக் கவனிக்கலாம். அந்த வயதுக்கு மன்றம் வேண்டாம். வாரம் ஒன்றாகக் களிமண், கதை, ஆட்டம், ஓவியம் என்று சுழற்றினால் போதும். பலகையில் பத்துப் பெயர் இருப்பதைவிட ஆறு மன்றம் ஒழுங்காக நடப்பது மேல்.

"கை தூக்குங்கள்" என்று கேட்டுச் சேர்க்காதீர்கள். சத்தமாகப் பேசும் பிள்ளைக்கு விருப்பப்பட்டது கிடைக்கும், பேசாத பிள்ளை மிச்சத்தில் விழும். ஒரு துண்டுத்தாளில் மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதி வாங்கி, ஆசிரியர்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். 4, 5 வகுப்புகள் பருவத்துக்கு ஒரு மன்றம் மாறலாம். 6 முதல் 8 வரை ஆண்டு முழுக்க ஒன்று, காலாண்டுக்குப் பின் ஒருமுறை மாற்றிக்கொள்ள அனுமதி.

ஜூனில் காசு வசூலிக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு அப்போதுதான் இறங்கியிருக்கும், வீட்டில் கடன் நிற்கும். மன்றத்துக்கு டி-சர்ட் என்று ஆரம்பித்தால், வாங்க முடியாத பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றுவிடும்.

நற்கருணை வீரர் சபை, பீடச் சிறுவர் குழு, மரியாயின் சேனை ஆகியவை பங்கின் பக்தி அமைப்புகள். அவை வேண்டும், ஆனால் மன்ற நேரத்துக்குள் வேண்டாம். அரசமைப்பின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும் அவர் சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கிறிஸ்தவப் பிள்ளைகள் சபைக்குப் போக, இந்து, முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. சபைக் கூட்டத்தை ஞாயிறு திருப்பலிக்குப் பின் வையுங்கள். மன்றம் எல்லாருக்கும் பொது.

கரை மன்றம்

கரையில் இருப்பதைப் பார்த்து, எண்ணி, எழுதிவைக்கும் மன்றம் இது. கடல் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான மன்றம் கிடையாது. 6 முதல் 8 வகுப்புக்கு மட்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர்களில் ஒருவராவது அந்த ஊர் மீனவர். மாதம் ஒருமுறை கரைக்குப் போனால் போதும், மற்ற வாரங்கள் பதிவு, படம், பேச்சு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். நேரத்தை மீனவரிடமே கேளுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் சோழகக் காற்று (தென்காற்று) வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பாக் நீரிணைப் பக்கம் வாடையில் கொந்தளிக்கும், அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை.

கருவிகள் எளியவை. 50 மீட்டர் நைலான் கயிறு, 5 மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு மீட்டர் நீள பிவிசி குழாய் நான்கு, மூலை எல்போ நான்கு, சேர்த்தால் ஒரு சதுர மீட்டர் சட்டம். கயிற்றை நீர் விளிம்பிலிருந்து மேட்டுப்பக்கம் நேராக இழுத்து, ஒவ்வொரு முடிச்சிலும் சட்டத்தை வைத்து உள்ளே இருப்பதை எண்ணி எழுத வேண்டும்: சிப்பி, நண்டு வளை, ஒதுங்கிய கடற்புல், பாசி, பிளாஸ்டிக், அறுந்த வலை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எண்கள் எதையும் சொல்லாது. பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

எடுத்து வரக் கூடாது, பார்த்து வரைய வேண்டும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உயிரோடு இருந்ததா, செத்து ஒதுங்கியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. அறிவியல் கண்காட்சி மேசையில் பவளத் துண்டும் பாட்டிலில் கடல் குதிரையும் வைப்பதை நிறுத்த வேண்டும். பழைய மாதிரிகள் அலமாரியில் கிடந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிக் கேளுங்கள், ஒளித்து வைக்கவோ கடலில் கொட்டவோ வேண்டாம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றி "தீவு காட்டுகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம்.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. வார் உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ வேண்டும், தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் மணலுக்குள் இருக்கும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் உயிரணுக்களைத் தூண்டிவிடும். கடல்நீராலேயே கழுவி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறினால் 108. திருக்கை முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாடகர் குழு

பாட்டு மன்றத்தில் பெரும்பாலும் நடக்கும் கோளாறு சுருதி. ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான கட்டையில் ஆரம்பிப்பார், பிள்ளைகள் உச்சத்தில் கத்துவார்கள், அல்லது கீழே முனகுவார்கள். பாட்டின் மிக உயரமான இடத்தை முதலில் பாட வையுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது. தினமும் காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே நல்ல பயிற்சிக் களம். மோகனம், திஸ்ர தாளம், 55 விநாடி. மூச்சை எங்கே எடுப்பது என்று அதிலேயே பழக்கலாம். சிறியவர்களுக்கு ஒரே மூச்சாக 20 நிமிடத்துக்கு மேல் பாட்டு வேண்டாம், இடையில் தாளம், கதை. எட்டாம் வகுப்புப் பையனுக்குக் குரல் உடைந்தால் வெளியே அனுப்பாதீர்கள். தாளக் கருவி கொடுங்கள், கீழ்ச்சுருதி வரிகள் கொடுங்கள், சில மாதத்தில் குரல் நிலைக்கும்.

உப்புக்காற்று கிதார் கம்பியை அரிக்கும், கீபோர்டின் தொடர்புகளைக் கெடுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையிட்டு, சன்னல் ஓரத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள். கேரம் பலகை வாடைக் காலத்தில் வளையும், சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள். சதுரங்கத்துக்கு 20 பேருக்குப் பத்து செட், சுருட்டும் விரிப்புப் பலகை போதும். காந்தச் செட் இந்தக் காற்றில் துருப்பிடிக்கும்.

இலக்கிய மன்றத்துக்கு ஒரு வேலை: பருவத்துக்கு ஒரு கையெழுத்து இதழ். நான்கு ஏ-3 தாளை மடித்தால் 16 பக்கம். தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்த காற்றின் பெயர்கள், வலைகள், மீன்களின் வளர்ச்சிப் பெயர்கள் அதில் வரட்டும். பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்த பிள்ளையைவிட, கச்சான் (மேல்காற்று) எப்போது வரும் என்று எழுதிய பிள்ளைக்குத் தமிழ் பக்கத்தில் வரும்.

வெளியிலிருந்து கராத்தே, நடனம், அபாகஸ் கற்பிக்க வருபவர்களைத் தனியே விடக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு பள்ளி ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பிள்ளைகளின் படங்களைச் சொந்த வாட்ஸ்அப்பில் பகிரக் கூடாது. பாலியல் தொந்தரவு என்று சந்தேகம் எழுந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பதற்குத் தலைமை ஆசிரியருக்கோ தாளாளருக்கோ உரிமை இல்லை. 1098 என்ற சிறுவர் உதவி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும்.

ஆண்டு விழா வந்தால் எல்லா மன்றமும் நடன ஒத்திகையாகிவிடுகிறது. விழாவுக்கென்று மூன்று வாரம் தனியாக ஒதுக்குங்கள், மன்றப் பாடவேளையைத் தொடாதீர்கள். மேடையில் ஏறாத மன்றமும் மன்றம்தான் என்பதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மன்றத்துக்கு ஒரு நோட்டு: தேதி, வந்தவர், செய்தது, அடுத்த வாரத்துக்கு வேண்டியது. மூன்று வாரம் தொடர்ந்து வராத பிள்ளையை ஆசிரியர் தனியாக அழைத்து, திட்டாமல் காரணம் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் சிஸ்டர்களுக்கு இடமாற்றம் வரும், ஆசிரியர்களும் மாறுவார்கள். மன்றங்கள் ஜூனில் சாவதற்கு இதுவே பெரிய காரணம். அதனால் பள்ளி மூடுவதற்கு முன், ஏப்ரல் முதல் வாரத்தில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: அலமாரிச் சாவி யாரிடம், என்ன பொருள் எத்தனை, அடுத்த ஆண்டு தொடர விரும்பும் பிள்ளைகளின் பெயர், உதவ முன்வந்த பெற்றோரின் பெயர்.