ரத்தம் கொட்டும்போது சலைன் ஏன் உடனே ஏறுவதில்லை?

வயிற்றில் கத்திக்குத்துப் பட்டவருக்கு ஆம்புலன்ஸில் சலைன் பாட்டிலை மடமடவென்று ஏற்றவில்லையே, அலட்சியம்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அந்தப் பொறுமைதான் வைத்தியம்.

ரத்தம் குறைந்தால் அழுத்தம் இறங்கும், உறுப்புகள் ஆக்சிஜனுக்குத் தவிக்கும். இது பள்ளிப் பாடம். கிழிந்த ரத்தக்குழாயின் வாயில் நடப்பதுதான் அற்புதம். சுவரின் உள்ளிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்பட்டதும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கைகால் முளைத்ததுபோல் உருமாறி, ரசாயனங்களைக் கக்கி, அடுத்த தட்டணுக்களை இழுக்கின்றன. ரத்தத்தில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இழை இழையாகத் திரிந்து அந்தக் குவியலைச் சுற்றி வலை பின்னுகிறது. குழாயும் சுருங்கிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியிருப்பதால் அந்தப் பிஞ்சு உறைகட்டி பிய்ந்து போகாமல் இறுகுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. உயிரைப் பறிக்கக்கூடிய அதே சரிவு, சிறிது நேரம் உயிருக்குக் காவலும் இருக்கிறது!

இந்த நேரத்தில் இரண்டு லிட்டர் சலைனை ஏற்றினால் அழுத்தம் எகிறி, அந்த உறைகட்டி பெயர்ந்துவிடக்கூடும். சலைனில் ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணு கிடையாது. இருக்கிற உறைபுரதங்களையும் அது நீர்த்துப்போகச் செய்யும். சூடாக்காத திரவம் உடலைக் குளிர்விப்பதால் உறைதலுக்கான நொதிகளும் மந்தமாகும்.

முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1918லேயே இதை எச்சரித்தார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் முறையாகச் சோதித்து முடிவு வெளியானது 1994இல்தான். உடலின் நடுப்பகுதியில் கத்தியோ குண்டோ பாய்ந்த 598 பேரில், அறுவை அரங்கு வரும்வரை திரவம் நிறுத்திவைக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் பேரும், உடனே பெற்றவர்களில் 62 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். ஒன்றைக் கொடுக்காமல் இருப்பதைச் சோதிக்க எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. இதற்கெல்லாம் அரசுகள்தான் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். பாட்டில் ஏறினாலே தெம்பு வரும் என்ற நம்பிக்கையையும் நாம் கைவிட வேண்டும்.

அதற்காகத் திரவமே கூடாது என்பதல்ல. ஆம்புலன்ஸ் ஊழியர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கிறார். நாடி தட்டுப்பட்டால் சலைனை நிறுத்திவைத்து வண்டியை விரட்டச் சொல்கிறார். தட்டுப்படாவிட்டால் 250 மில்லிலிட்டர் ஏற்றி மறுபடி தொட்டுப் பார்க்கிறார். தலையில் பலத்த அடிபட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும்: வீங்கும் மூளைக்குள் ரத்தம் நுழையக் கூடுதல் அழுத்தம் தேவை, அங்கே அழுத்தத்தைச் சரியவிடக் கூடாது.