நாடு வளர்ந்தது என்கிறார்கள், கடையில் மூட்டை குறைகிறது

கடந்த ஆண்டு, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை கணக்குக் கொப்பிகளோடு என்னிடம் வந்தார். கடையைப் பெருப்பிக்க வங்கிக் கடன் வேண்டும், அதற்கு மூன்று வருடக் கணக்கைத் தயாரித்துத் தரவேண்டும் என்றார். எழும்பும்போது, "தம்பி, நாடு 5 வீதம் வளர்ந்திட்டுதாம், பேப்பரில போட்டிருக்கு. கடன் எடுக்க இதுதானே நல்ல நேரம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் பலர். வேறு சிலர் நேர்மாறாக, "அரசாங்கம் சொல்லுற கணக்கெல்லாம் பொய்" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே காசு கரையும் வழி என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 5 வீதத்தைப் பார்ப்போம். 2021 ஆம் ஆண்டு இலங்கையின் மொத்த உற்பத்தியை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் அது 7.3 வீதம் சுருங்கியது, மிச்சம் 92.7. 2023 இல் இன்னும் 2.3 வீதம் சுருங்கி ஏறத்தாழ 90.6 ஆனது. 2024 இல் அந்த 90.6 தான் 5 வீதம் வளர்ந்தது. கணக்குப் போட்டால் 95 சொச்சம். அதாவது தலைப்புச் செய்தியில் வளர்ச்சி என்று வந்த ஆண்டின் முடிவிலும், நாடு 2021 இல் இருந்த இடத்துக்குத் திரும்பியிருக்கவில்லை.

காலாண்டுக் கணக்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2023 இன் மூன்றாம் காலாண்டில் 1.6 வீத வளர்ச்சி என்று அறிவித்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது ஒப்பிடப்பட்டது எதனோடு? 11 வீதத்துக்கு மேல் சுருங்கியிருந்த, எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 இன் அதே காலாண்டோடு. கிணற்றுக்குள் விழுந்தவர் ஒரு படி ஏறியிருக்கிறார். ஏறியது உண்மைதான், ஆனால் இன்னும் கிணற்றுக்குள்தான் நிற்கிறார்.

சரி, எண்ணையே திரித்திருந்தால்? அப்படி நடந்த நாடுகள் உண்டு. ஆர்ஜென்டினாவின் பணவீக்க, உற்பத்திக் கணக்குகள் சரியில்லை என்று 2013 இல் சர்வதேச நாணய நிதியமே பகிரங்கமாகக் கண்டித்தது. இந்த எண்களை வெளியிடும் நம் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தை நான் அந்த வரிசையில் வைக்கமாட்டேன். 2022 க்கு முதலில் 7.8 வீதச் சுருக்கம் என்று அறிவித்தவர்கள் அவர்கள்தான். எந்த அரசாங்கமும் விரும்பாத எண் அது. பிறகு தரவு சேரச் சேர 7.3 ஆகத் திருத்தினார்கள்.

ஆனாலும் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அரச எண்கள் மேல் உள்ள சந்தேகத்தை நான் சும்மா தட்டிக்கழிக்க மாட்டேன். 1981 க்குப் பிறகு 2012 வரை இங்கே முழுமையான குடிசன மதிப்பீடு ஒன்று நடக்கவில்லை. போர்க்காலத்தில் வீட்டு வருமான ஆய்வுகளும் வடக்கை விட்டுவிட்டே நடந்தன. "இலங்கையின் சராசரி" என்று எழுதப்பட்ட எண்களில் நாங்கள் இல்லாத காலம் அது.

என் தொழிலில் நான் கண்ட பலவீனம் வேறொன்று. பெரிய கம்பனிகள், வங்கிகள், மின்சாரம், துறைமுகம் ஆகியவற்றின் கணக்கு விரைவாக வந்துவிடும். ஒழுங்கைக்குள் இருக்கும் தையல்கடை, வீட்டில் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் அக்கா, சைக்கிள் திருத்துபவர், இவர்களுடைய கணக்கு அப்படி வராது. பழைய ஆய்வுகளின் விகிதத்தை வைத்து மதிப்பிடுவார்கள். சாதாரண காலத்தில் அந்த மதிப்பீடு பெரிதாகப் பிழைக்காது. நெருக்கடியில் முதலில் பூட்டப்படுவது சின்னக் கடைதான் என்பதால், பழைய விகிதம் அப்போது கைகொடுக்காது. ஆய்வுப் படிவம் வந்தால் போன வருட எண்ணையே திரும்ப எழுதி அனுப்பும் கடைக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒவ்வொரு முறையும் மன்றாடியிருக்கிறேன், உள்ளதை எழுதுங்கள் என்று.

இது ஏழை நாட்டுக் குறை மட்டும் அல்ல. 2008 இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில், அதாவது அதே வேகம் ஒரு வருடம் நீடித்தால் என்ற கணக்கில், 3.8 வீதம் சுருங்கியது என்று முதலில் சொன்னார்கள். திருத்தித் திருத்தி அது 8 வீதத்துக்கு மேல் போனது. பிரிட்டனில் மறுபக்கமாக நடந்தது. 2012 இல் இரண்டாம் முறை மந்தம் வந்துவிட்டது என்று அறிவித்து, அடுத்த ஆண்டு திருத்தியபோது அந்த மந்தமே இல்லாமற் போனது. பொருளாதாரம் திரும்பும் வளைவில்தான் முதல் எண் அதிகம் தடுமாறும். நாம் அதை அதிகம் தேடுவதும் அந்த நேரத்தில்தான்.

விலைக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடம் கழித்து 1.3 வீதம். விலை இறங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சுட்டெண்ணும் கொழும்பு நகரத்து வீடுகள் வாங்கும் பொருட்களை வைத்துக் கணிப்பது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. குருநகரில் படகுக்கும், இடைக்காட்டில் வெங்காயத்துக்கு இறைக்கும் மெசினுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களுக்கு அது எத்தனை வீதம் என்று கணித்துப் பாருங்கள்.

அந்த அண்ணையின் கொப்பியிலும் இதுதான் நடந்திருந்தது. விற்பனை ரூபாயில் வருடா வருடம் ஏறியிருந்தது, அவருக்கு அதில் பெருமை. "அரிசி, சீனி, மா, எத்தனை மூட்டை போனது என்று எழுதிக்கொண்டு வாங்கோ" என்றேன். கொள்வனவுப் பில்களை ஒரு கிழமையாகக் கிளறி எழுதிக்கொண்டு வந்தார். 2021 ஐ விட மூட்டைகள் குறைந்திருந்தன. அவர் கடை அதுவரை வளரவே இல்லை, விலை மட்டும்தான் வளர்ந்திருந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். மூட்டை குறைந்தாலும் பால்மா, பிஸ்கற் போன்றவை அவ்வளவு குறையவில்லை. காரணம் அவருக்கே தெரிந்திருந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது அந்த வீடுகளுக்கு அதே டொலரில் கூடுதல் ரூபாய் வந்தது. பக்கத்து வீட்டுக் கூலித் தொழிலாளி ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்தார். வெளிநாட்டிலிருந்து வரும் காசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது, அது கடையில் செலவாகும்போது கிடைக்கும் வியாபார இலாபம்தான் சேரும். ஒரே ஒழுங்கையில் இரண்டு பொருளாதாரம் ஓடுகிறது, நாட்டுக்கான ஒற்றை வீதத்தில் அதைக் காணமுடியாது.

கடனை அவர் கைவிடவில்லை. கேட்க நினைத்த தொகையில் பாதியை எடுத்தார். கட்டடத்தை விட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினார். இப்போது மாதக் கடைசியில் ரூபாய்க் கணக்கோடு மூட்டைக் கணக்கையும் தனிப் பக்கத்தில் எழுதுகிறார். இந்த வருடக் கணக்குக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டினார்.