தனிக்கட்சி ஆட்சியா, ஒற்றைக்கட்சி ஆட்சியா?

“சோவியத் யூனியனின் தனிக்கட்சி ஆட்சி.” வேறு கட்சிகளுக்கு இடமே தராத ஆட்சியை ஆங்கிலத்தில் ‘one-party rule’ என்கிறார்கள். அதற்கு ‘ஒற்றைக்கட்சி ஆட்சி’ என்பதே சரி. ஆனால் மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் இதே ‘தனிக்கட்சி’. யார் கொடுத்த சீதனமோ, விடமாட்டேன் என்கிறார்கள்.

கட்சி என்றால் தரப்பு. நீதிமன்றத்தில் ‘கட்சிக்காரர்’ என்பது அந்தப் பொருளில்தான். தனி என்றால் பிறரோடு சேராதது: தனிக்குடித்தனம், தனிவழி. ஒற்றை என்றால் இணையில்லாதது: ஒற்றைச் செருப்பு. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

நம்மூர் அரசியலில் ‘தனிக்கட்சி’க்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது. கோபித்துக்கொண்டு வெளியேறியவர் தொடங்குவது தனிக்கட்சி. தோழமைக் கட்சிகளுக்கு அமைச்சர் பதவி தராமல் ஆள்வது தனிக்கட்சி ஆட்சி. 2006-இல் 234-க்கு 96 இடங்களோடு தி.மு.க. நடத்தியதும் அதுதான். எதிரே எதிர்க்கட்சி உட்கார்ந்து ‘மைனாரிட்டி அரசு’ என்று சீண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லையே ஸ்டாலின் ஆட்சிக்கும் சூட்டுவதா? (ஜோசப் ஸ்டாலினைச் சொல்கிறேன்.)

போல்ஷெவிக்குகளின் (லெனினின் கட்சி; பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சி) வரலாற்றில் இரண்டு நிலைகளும் உண்டு. 1917 டிசம்பரில் இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியினர் லெனின் அரசில் சேர்ந்தார்கள். அது கூட்டணி ஆட்சி. ஜெர்மனி தரப்போடு செய்துகொண்ட பிரெஸ்த்-லித்தோவ்ஸ்க் சமாதான உடன்படிக்கையை எதிர்த்து 1918 மார்ச்சில் விலகினார்கள். அதன்பின் அரசில் மிஞ்சியது ஒரு கட்சி; சோவியத்துகள் எனப்பட்ட மக்கள் மன்றங்களிலோ பிறரும் இருந்தார்கள். அந்தச் சில மாதங்களைத் தனிக்கட்சி ஆட்சி என்றால் ஒப்புக்கொள்வேன். ஜூலையில் இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்களின் கலகம் நசுக்கப்பட்டது. போட்டி சோஷலிஸ்டுகளான மென்ஷெவிக்குகள் உள்நாட்டுப் போர்க்காலம் முழுக்க ஒருநேரம் அனுமதி, ஒருநேரம் தடை என்று இழுபட்டு, 1920-களின் தொடக்கத்தில் சிறைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். 1921-இல் போல்ஷெவிக் கட்சியின் பத்தாவது மாநாடு கட்சிக்குள்ளேயே கோஷ்டிகளைத் தடை செய்தது. இப்படி உருவானது ஒற்றைக்கட்சி ஆட்சி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இடையில் நடந்த அத்தனையும் காணாமல் போகிறது.

‘ஒரு கட்சி ஆட்சி’ என்று பிரித்து எழுதுவோரிடம் எனக்கு அவ்வளவு சண்டையில்லை; ஆனால் வாக்கியத்தில் வைத்தால் ‘ஏதோ ஒரு கட்சி’ ஆகிவிடும். ‘ஒரே கட்சி ஆட்சி’ அதைவிட மோசம்; தேர்தலில் ஒரே கட்சி தொடர்ந்து ஜெயித்து ஆள்வதாகவும் படிக்கலாம். ஜப்பானில் 1955 முதல் 1993 வரை ஆட்சித் தலைமை ஒரே கட்சியிடம் (லிபரல் ஜனநாயகக் கட்சி) இருந்தது. தேர்தலில் எதிர்த்து நிற்க சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.

‘ஒற்றையாட்சி’யோடு குழம்பாதா என்பார்கள். குழம்பாது. ஒற்றையாட்சி மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டைப் பற்றியது. சோவியத் யூனியன் ஏட்டளவில் கூட்டாட்சி. குடியரசுகளுக்குப் பிரிந்துபோகும் உரிமைகூட அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தது. ஆண்டதோ ஒற்றைக்கட்சி.

இன்னொன்று. கம்யூனிஸ்ட் கட்சியே சமூகத்தை வழிநடத்தும் சக்தி என்ற 1977 சோவியத் அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு 1990 மார்ச்சில் திருத்தப்பட்டு, மற்ற கட்சிகளுக்கும் இடம் தரப்பட்டது. அதற்குப் பிறகும் 1991 ஆகஸ்ட் வரை ஆட்சி கம்யூனிஸ்டுகள் கையில்தான். அந்த ஒன்றரை ஆண்டுக்கு ‘ஒற்றைக்கட்சி’ என்றும் எழுதக்கூடாது.