விழுகிற போன் ஏன் பூஜ்யம் காட்டுகிறது?

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "முடுக்கம் அளக்கும் ஆப்பைத் திறந்து போனை மேசையில் வைத்தேன். அசையாமல் கிடக்கிற போன் 9.8 (மீ/வி²) காட்டியது. தலையணை மேல் விழவிட்டால், விழும்போது பூஜ்யம் காட்டியது. பிள்ளைகள் முன்னால் முழித்தேன். போன் பழுதா?"

போன் நன்றாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு முன் ஒரு சின்னப் புலம்பல். பள்ளியில் போனைப் பயன்படுத்துவது என்றாலே வீடியோ பாடம், வினாடி வினா என்று நின்றுவிடுகிறோம். புத்தகத்தில் இருந்தது திரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதே போனுக்குள் முடுக்கமானி, காந்தமானி, சுழற்சி உணரி, மைக் என்று ஒரு குட்டி ஆய்வகமே இருக்கிறது. (பேய் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஆப்கள் நம்பியிருப்பதும் பெரும்பாலும் அந்தக் காந்தமானியைத்தான். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி இருந்தால் போதும், பேய் வந்துவிடும்!) ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் போன்ற இலவச ஆப்கள் இந்த உணரிகளின் அளவுகளை வரைபடமாகக் காட்டும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். திரைகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, ஆசிரியர்கள் இப்படி விளையாடிப் பார்க்க நேரம் கொடுப்பதில் செலவிடலாம் என்பது என் கட்சி.

சரி, முடுக்கமானிக்கு வருவோம். இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து, ஒன்றையொன்று தொடாமல் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீப்பு முடுக்கமானிச் சில்லின் (சிப்) சட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. இன்னொன்று மெல்லிய வில்சுருள் போன்ற கால்களில் தொங்குகிறது. எல்லாமே சிலிக்கானில் அரித்துச் செதுக்கியவை. பல் இடுக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். சட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால், தொங்கும் சீப்பு நிலைமத்தால் கொஞ்சம் பின்தங்கும். ஒரு பக்க இடுக்கு குறையும், மறுபக்கம் கூடும். பள்ளியில் படித்த மின்தேக்கிதான் இது: தகடுகள் நெருங்கினால் மின்தேக்குத்திறன் ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் சில்லு எண்ணாக மாற்றுகிறது. போனைச் செங்குத்தாகப் பிடித்தால் புவியீர்ப்பில் அந்தச் சீப்பு தொய்வது சில பத்து நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் அளந்துவிடுகிறது! (படுக்க வைத்த போனில் வேலை செய்யும் அமைப்பின் வடிவம் வேறாக இருக்கும், தத்துவம் ஒன்றே.) 1990-களில் இந்தச் சில்லு பெரிய அளவில் பிழைப்பு தேடியது கார் ஏர்பேக்கில்; போனுக்கு அப்புறம்தான் வந்தது.

ஆக, இது உண்மையில் அளப்பது வில் எவ்வளவு தொய்கிறது என்பதை. மேசையில் கிடக்கும்போது சட்டத்தை மேசை தாங்குகிறது; சீப்பைத் தாங்க வில்லைத் தவிர வேறு ஆள் இல்லை. வில் தொய்கிறது, 9.8. கைவிட்டதும் சட்டமும் சீப்பும் ஒரே வேகத்தில் சேர்ந்தே விழுகின்றன. யாரும் யாரையும் தாங்க வேண்டியதில்லை. வில் நிமிர்கிறது, பூஜ்யம். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருந்தும் வீரர்கள் மிதப்பது இதனால்தான். அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் இதை அப்படியே சோதனையாக்கலாம். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து, கீழே தடிமனான தலையணை போட்டு, போனை விடுங்கள். வரைபடம் 9.8-இல் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பள்ளத்தில் இறங்கும், சுமார் அரை விநாடி அடியிலேயே கிடக்கும், பிறகு தலையணையில் மோதி ஈட்டி மாதிரி எகிறும். பள்ளத்தின் நீளத்தை (t) விநாடியில் படித்து, விழுந்த உயரத்தோடு (s) சேர்த்து s = ½gt² என்ற சமன்பாட்டில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கமான g வந்துவிடும்.

யாராவது ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும்: "சார், பூஜ்யத்துக்கு வரவில்லையே, ஒன்றில் நிற்கிறதே?" விடும்போது கை தட்டி, போன் சுழன்றுகொண்டே விழுந்திருக்கும். சில்லு போனின் எடைமையத்தில் இல்லாததால் மையத்தைச் சுற்றி வருகிறது, மையநோக்கு முடுக்கம் சேர்கிறது. விநாடிக்கு ஒரு சுற்று, 3 செ.மீ. தள்ளி என்றால் 1.2 வரும். சுழலும் வேகத்தைப் பக்கத்திலேயே இருக்கும் சுழற்சி உணரி சொல்லிவிடும். இரண்டு எண்களையும் வைத்து, போனைத் திறக்காமலே அந்தச் சில்லு எடைமையத்திலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி ஒளிந்திருக்கிறது என்று அதே பிள்ளையிடம் கணக்குப் போடச் சொல்லலாம்.